கரிக்காரர் போட்ட ஓட்டை

விறகடுப்பு ருசியா? யாரும்மா சொன்னது, உன் மாப்பிள்ளையா? அதானே பார்த்தேன். புது வீட்டுல பின்பக்கம் ஒண்ணு கட்டலாம்னு வேற சொல்றாரா? கட்டட்டும், கட்டட்டும். நீ இன்னும் கல்யாண ரெஜிஸ்டர்ல கையெழுத்துப் போடல இல்ல? நல்லதாப் போச்சு. உள்ள கூப்பிடறதுக்குள்ள ஒரு வார்த்தை கேட்டுடு, தினமும் பத்த வைக்கப் போறது யாருன்னு.

சிரிக்காதம்மா. எங்க வீட்டுக்காரரும் இப்படித்தான். போய்ச் சேர்ந்துட்டார் பாவம். நல்ல மனுஷன், குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. ஆனா அடுப்படி எந்தப் பக்கம்னு கேட்டா வாசனைய வச்சுத்தான் கண்டுபிடிப்பார். விறகுல வெந்த மாதிரி வருமான்னு கண்ண மூடிக்கிட்டுச் சாப்பிடுவார். நானும் கண்ண மூடிக்கிட்டுத்தான் சமைச்சேன். தொறந்தா எரியுமே.

அப்புறம் அவருக்கு டவுனுக்கு மாத்தல் வந்துச்சு. அங்க கரி அடுப்பு. இரும்பு வாளிக்குள்ள மண்ணு பூசி, நடுவுல கம்பி வச்சிருப்பாங்க, நீ பார்த்திருக்க மாட்ட. விறகுத் தொல்லை விட்டுதுன்னு சந்தோஷப்பட்டேன் பாரு, என்னச் சொல்லணும். விறகாவது எரியலன்னா எரியலன்னு ஒத்துக்கும். கரி அப்படி இல்ல. பிடிச்சுக்கிட்ட மாதிரி பாவ்லா காட்டும். பாத்திரத்த ஏத்திட்டு இந்தப் பக்கம் திரும்பினா செத்துக் கிடக்கும். விசிறி விசிறி என் வலது கை மட்டும் பயில்வான் கை மாதிரி ஆயிடுச்சு. ஒரு விசேஷத்துக்குக் கிளம்பினா நகத்துல இருக்கிற கரிய ஊசி வச்சு எடுக்கணும். முகத்துக்கு வெள்ளையாப் பவுடர் போட்டுட்டுப் போவேன், மூக்கச் சிந்தினா கறுப்பா வரும்.

அந்தக் கரியக் கொண்டு வர்றதுக்கு ஒரு ஆளு. கரிக்காரர்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். பல்லும் கண்ணும் மட்டும் வெள்ளை. ஆளு சரியான கேடி. மூட்டையில தண்ணி தெளிச்சு எடைய ஏத்துவார். நான் விடுவேனா? மூட்டையக் கவுத்துக் கையவிட்டுப் பார்ப்பேன். என்னய்யா, கரியக் குளிப்பாட்டிக் கூட்டிட்டு வந்தீங்களான்னு கேட்பேன். வெயில்ல வர்றோம்லம்மா, அதுக்கும் வேர்க்கும்லன்னு சொல்லுவார். தெருவே நின்னு வேடிக்கை பார்க்கும். இனிமே வேற ஆள்கிட்ட வாங்கிக்கறேன்னு நான் சொல்லுவேன். தாராளமா வாங்கிக்கோங்கம்பார். அடுத்த மாசம் அவரும் வருவார், நானும் மூட்டையக் கவுப்பேன்.

ஒரு மழைக்காலம். சன்னலத் தொறக்க முடியல, வீடு பூரா புகை. நான் இருமி இருமி சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கறேன். மூட்டைய இறக்கின மனுஷன் போகாம என்னையே பார்க்கறார். அம்மா, இந்தப் புகை எந்த வழியாப் போகுதுன்னு கேட்டார். என் மூக்கு வழியாத்தான்னேன். சுவத்த ஒரு தடவை தட்டிப் பார்த்துட்டுப் போயிட்டார். மறுநாள் வர்றார், கையில கடப்பாரை! அடுப்புக்கு மேல சுவத்துல ஓட்டை போடறார். ஐயோ, வாடகை வீடுய்யான்னு நான் கத்தறேன், அவர் பாட்டுக்கு இடிக்கறார். புகை போச்சான்னு கேட்டா, போச்சு. சாயங்காலம் அதே ஓட்டை வழியா மழை வந்து அடுப்ப அணைச்சிடுச்சு. அன்னிக்குக் குடும்பமே கடையில வாங்கின ரொட்டியத் தின்னுச்சு. வீட்டு ஓனர் வந்து குதிச்சப்போ எங்க வீட்டுக்காரர், எலி பண்ணின வேலைங்கன்னு சொல்லிச் சமாளிச்சார். எலி எவ்வளவு பெருசுன்னு ஓனர் கேட்கல, அதுவரைக்கும் புண்ணியம். அப்புறம் கரிக்காரரே ஒரு தகரத்தக் கொண்டுவந்து ஓட்டைக்கு மேல கூரை மாதிரி வச்சார். கோணலாத்தான்.

சேச்சே, அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நீ ரொம்ப சினிமா பார்க்கற. அவருக்கு வீட்டுல சம்சாரம் இருந்துச்சு, எனக்கு இடுப்புல கைக்குழந்தை. என்னமோ மனசுல ஒண்ணு மட்டும் ஓடிச்சு. இத்தன வருஷத்துல இந்தப் புகை எங்க போகுதுன்னு கேட்டது இந்த ஒரு ஆளுதான். அந்தப் புகையில பாதி அவர் தெளிச்ச தண்ணியால வந்தது, அது வேற விஷயம்.

பின்ன கேஸ் வந்துச்சு. கரிக்காரர் பொழப்புல மண்ணு. கரி அடுப்பப் பழைய இரும்புக்குப் போட்ட அன்னிக்கு எங்க வீட்டுக்காரர் துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். என் பையன் இருக்கானே, அவன் இப்பவும் அம்மா கை கரி அடுப்புச் சமையல்னு போன்ல உருகி உருகி எழுதி, ஊர்ல இருக்கிறவங்ககிட்டெல்லாம் ஹார்ட் வாங்கறான். அவனுக்கு விவரம் தெரியறதுக்குள்ள வீட்டுக்குக் கேஸ் வந்தாச்சு.

வீட்டுக்காரர் போனப்புறம், தனியா இருக்கேன், அந்தக் கேஸ் அடுப்பு மக்கர் பண்ணிச்சு. ரிப்பேருக்கு ஆள் அனுப்பச் சொன்னேன். தலை நரைச்ச ஒருத்தர் வந்தார். யாருன்னே தெரியல. கரி இல்லாம அந்த முகத்த நான் எங்க பார்த்தேன்? என்னம்மா, எலி இன்னும் சுவத்த இடிக்குதான்னார். அப்புறம்தான் தெரிஞ்சுது, கேஸ் ரிப்பேருக்கு மாறிட்ட நம்ம கரிக்காரர்னு. அவர் சம்சாரமும் போய் ரெண்டு வருஷமாம். சரி பண்ணிட்டுப் போனார். அடுத்த வாரம் அதே கோளாறு. மறுபடி வந்தார். மறுபடி கோளாறு. ஒண்ணு, ஆளுக்கு வேலை தெரியாது. இல்லைன்னா ரொம்ப நல்லாவே தெரியும். நானும் கம்பெனிக்குப் போன் போட்டுப் புகார் சொல்லல, வச்சுக்கோயேன்.

இரு, உள்ள என்னையா கூப்பிடறாங்க? ஆமாங்க, வர்றேங்க! ஏம்மா, உன்கூட வந்திருக்கிற பொண்ணு எங்களுக்கு ஒரு கையெழுத்துப் போடுமா? சாட்சி ஒண்ணு குறையுது. என் பையன் போடறேன்னுதான் சொல்லியிருந்தான். காலையிலேர்ந்து போன எடுக்கல. டிராஃபிக்ல மாட்டியிருப்பான். அவன் ஆபீஸ் எதிர்த்தாப்லதான் இருக்கு, இருந்தாலும்.

எதுக்குச் சாட்சியா? நீ எதுக்கு வந்திருக்கயோ அதுக்குத்தாம்மா. அதோ வாசல்ல, புதுச் சட்டைய மாட்டிக்கிட்டு, நான் திட்டறதுக்கு முன்னாடியே முழிச்சுக்கிட்டு நிக்கறாரே, அவர்தான்.

பயமா? எனக்கென்ன பயம், இந்த வயசுல. படிதான் கொஞ்சம் உசரமா இருக்கு. கையக் குடு. இன்னும் கொஞ்சம் கெட்டியாப் பிடி.