யாளி முழுகுமா?

விஜயகுமாரி: கதவை இழுத்து மூடுயா. காத்துல புக்கு பக்கம் பறக்குது.

அருணகிரி: மூடினா வேன் உள்ள வெந்துடுவோம். விரலை வெச்சுப் புடி. எங்க வுட்ட?

விஜயகுமாரி: கொள்ளிவாய்ப் பிசாசு கப்பல் பாயைக் கொளுத்திடுச்சு. சிற்பி பொண்ணு பூவந்தி தனியா நின்னுகினு கீறா. கடல் பூதம் அவளைப் பாத்து வருது.

அருணகிரி: காவலுக்கு நின்ன முனி இன்னா ஆனாரு?

விஜயகுமாரி: அவரு ஊர் எல்லையைத் தாண்டி கடல்ல கால வைக்க மாட்டாருய்யா. யாளி மட்டும் இருந்திருந்தா...

அருணகிரி: அதான் மொத பாகத்துலயே முழுகிடுச்சே. ரெண்டு வருசமா அதுக்குத் துக்கம் காத்துகினு கீற.

விஜயகுமாரி: சிரிப்பியே.

அருணகிரி: நான் எப்ப சிரிச்சேன்? அது முழுகின அந்த ஒரு வாரமும் உப்பில்லாத ரசத்தை வாயைத் தொறக்காம குடிச்சவன் நானு.

விஜயகுமாரி: நானூறு பக்கம் வந்தாச்சு. பத்துப் பக்கம்தான் பாக்கி. யாளி வராம முடிஞ்சுதுன்னா, இந்த மாமல்லபுரம் கடல்லயே புக்கைக் கடாசிடுவேன்.

அருணகிரி: கடாசாத. அட்டை வரைக்கும் படி.

விஜயகுமாரி: இன்னாயா இது, மூணு நாளா அட்டை அட்டைன்னுகினே கீற? முன்னாடியே எட்டிப் பாத்துட்டியா?

அருணகிரி: எனக்கு எதுக்கும்மே அந்தப் பேஜாரு? நீ படிப்ப, நான் கேப்பேன், அதான நம்ம பழக்கம். படி, படி... கோயில் பாக்கப் போன சிறுசேரி ஆபீஸ்காரங்க வந்துடுவாங்க.

விஜயகுமாரி: "கரையிலிருந்து வெகு தொலைவில், அலைகளுக்கு மேலே கருப்பாக ஒன்று எழுந்தது. பாம்பென்று நினைத்துப் பரதவர் பின்வாங்கினர். அது வளைந்தது. நீரைப் பீய்ச்சியது..." யோவ்.

அருணகிரி: இன்னா?

விஜயகுமாரி: இரு... அந்த வரியை இன்னொரு தபா பாத்துக்கறேன்.

மேக்னா: டிரைவர் அண்ணா, எல்லாரும் வந்தாச்சு. கிளம்பலாமா?

அருணகிரி: ரெண்டு நிமிசம் மேடம். இங்க ஒரு உயிரு இழுத்துகினு கீது.

மேக்னா: ஐயோ, யாருக்கு?

அருணகிரி: யாளிக்கு. இவ என் சம்சாரம். ஞாயித்துக்கெழமை சவாரின்னா புக்கோட கூட வந்துடுவா.

மேக்னா: யாளின்னா... தும்பிக்கையும் சிங்க உடம்புமா இருக்குமே, அதுவா? அக்கா, நிறுத்தாதீங்க.

விஜயகுமாரி: "அது பாம்பல்ல, துதிக்கை! உடல் சிங்கமானாலும் முகம் யானையாயிற்றே. யானைக்கு நீந்தத் தெரியும். துதிக்கையை நீருக்கு மேலே தூக்கி மூச்சு வாங்கி, ஏழு பௌர்ணமிகள் கடலோடு மல்லுக்கட்டி..." வந்துடுச்சுயா. வந்துடுச்சு!

மேக்னா: ஷ்ரவண், எல்லாரையும் சத்தம் போடாம ஏறச் சொல்லு. அப்புறம் அக்கா?

விஜயகுமாரி: பூதத்தோட பிடரியைக் கவ்வித் தூக்கி... அடிச்சுது பாரு ஒரு அடி! பாய்ல எரியுற நெருப்பைத் துதிக்கைத் தண்ணியாலயே அணைச்சுடுச்சு. கொள்ளிவாய் வாயை மூடிகினு ஓடுது. பூவந்தி யாளி முதுகுல ஏறிக் கரைக்கு வராய்யா...

அருணகிரி: ஹாரன் அடிக்கட்டா?

மேக்னா: அடிங்கண்ணா, நல்லா அடிங்க!

அருணகிரி: விஜி... அழுவாத. இன்னும் ஒரு பக்கம் கீது.

விஜயகுமாரி: யாரு அழுவுறா? கண்ணுல மண்ணு. இது கதை இல்லய்யா, நன்றின்னு போட்டுகீது.

அருணகிரி: அதையுந்தான் படியேன்.

விஜயகுமாரி: "முதல் பாகத்தில் யாளியைக் கடலில் மூழ்கடித்தேன். 'யானைக்கு நீந்தத் தெரியும். அப்புறம் யாளி எப்படி முழுகும்? துதிக்கை எதுக்கு இருக்கு?' என்று ஒரு கடிதம் வந்தது. இந்தப் பாகமே பதில். செங்கல்பட்டு..."

மேக்னா: செங்கல்பட்டு?

விஜயகுமாரி: "...விஜயகுமாரிக்கு நன்றி."

அருணகிரி: அது இவ பேருதான் மேடம்.

மேக்னா: அக்கா! நீங்களா எழுதினீங்க?

விஜயகுமாரி: எழுதினேம்மா. யார்கிட்டயும் சொல்லல. ஆனா தபால்ல போடல, சாமி சத்தியமா போடல. பத்தாவது ஃபெயிலான நமக்கு எதுக்கு இந்த வேலைன்னு அரிசி டிரம்முக்குப் பின்னால சொருகிட்டேன். அப்பறம் தேடினா காணோம். எலி இழுத்துகினு போயிடுச்சுன்னு நெனைச்சேன்... யோவ், நீ இன்னா அந்தப் பக்கம் திரும்பிகினு கடலைப் பாக்குற?

அருணகிரி: 'என் வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிப்பார்'னு கடைசி வரியில எழுதியிருந்தியே... சிரிக்கல விஜி. ஸ்டாம்பு வாங்க ஓடினேன்.