இரைச்சல் அடங்கியபோது

கதவைச் சாத்திவிட்டு நெருங்கி உட்காருங்கள். இது நம் நல்லகாமனின் சித்தப்பா தவசிக்கு நடந்தது. எழுபத்தொன்பதாம் வருஷம், பங்குனி மாதம்.

உச்சிவெயில் நேரம். அலங்காநல்லூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால், கரும்புக்காட்டை ஒட்டி ஒரு வண்டிப்பாதை போகும். ஆள் நடமாட்டமே கிடையாது. காக்காய்கூடக் கத்தவில்லை... பாதை முடியுமிடத்தில் வெல்ல மூட்டைகள் அடுக்கிவைக்கும் ஒரு பழைய கிட்டங்கி. பசுபதி நடத்திய மெல்லிசைக் குழுவின் சாமான்கள் அங்கேதான் கிடக்கும். அன்று சாயங்காலம் பக்கத்து அம்மன் கோயிலில் கச்சேரி. தவசி, வயர் ஒட்டும் சால்டரிங் அயர்னை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தனியாக நடந்தான்.

குழுவில் அவன்தான் எலெக்ட்ரிக் கிடார். பஞ்சாலையில் கிடந்தவனைக் கூட்டி வந்து, விரல் பிடித்துக் கற்றுக்கொடுத்தவர் பசுபதி. தவசியின் கல்யாணத்தில் முன்னால் நின்று பந்தி விசாரித்தவர். கிடாரும் அவர் கொடுத்ததுதான். முன்பு வாசித்த காளை என்பவன் சிங்கப்பூருக்குப் போய்விட்டான், இனி நீ வாசி என்றார்.

அந்தக் கிடாரில்தான் கோளாறு. ஓயாத இரைச்சல்... ங்ங்ங்ங் என்று. கிடாரின் கம்பிகளை ஆம்ப்ளிஃபயரின் இரும்புப் பெட்டியோடு சேர்க்க, உள்ளே ஒரு மெல்லிய வயர் உண்டு. அது சரியாக இருந்தால், கம்பியில் கை வைத்ததும் இரைச்சல் அடங்கும். கையை எடுத்தால் திரும்ப வரும். அந்த வயர் துண்டாகிக் கிடந்தது. தவசி ஒட்டினான். அடுத்த கச்சேரிக்குள் மறுபடி துண்டானது. திரும்ப ஒட்டினான். திரும்பவும் அதே கதை. பின்மூடியின் திருகுகள் முறுக்கினது முறுக்கினபடி இருக்கும்... உள்ளே வயர் மட்டும் கட்டிங் பிளேயரால் கடித்த மாதிரி.

“எவனோ நம்ம பொழப்புல கை வைக்கிறான்டா,” என்றார் பசுபதி. “இன்னைக்கு ஒட்டிட்டு, நான் வார வரைக்கும் பக்கத்துலயே உக்காரு.”

ஒட்டினான். கம்பியில் கை வைத்தான். இரைச்சல் அடங்கியது. விரலில் மட்டும் எறும்பு ஊறுவதுபோல ஒரு சுருசுருப்பு... கிடாரை மேஜையில் கிடத்திவிட்டு வாசலோரம் போய் உட்கார்ந்தான்.

ங்ங்ங்ங்...

சட்டென்று இரைச்சல் நின்றது.

ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அப்படியானால் கம்பியில் ஒரு கை இருக்கிறது... யார் கை? திரும்பிப் பார்த்தான். மேஜையருகே யாரும் இல்லை. தடித்த கம்பி மட்டும், விரல் அழுத்தினால் எப்படிப் பதியுமோ அப்படி, கட்டையோடு பதிந்திருந்தது. கூடவே ஒரு வாடை. முடி கருகினால் வருமே... அது.

டிக்.

கம்பி எழும்பியது. இரைச்சல் திரும்ப வந்தது.

வேறு ஆளாக இருந்தால் ஓடியிருப்பான். தவசி மேஜையருகே போனான். பின்மூடியைக் கழற்றினான். வயர் துண்டாகியிருந்தது. வெட்டிய இடம் புதுசாகப் பளபளத்தது.

இந்த ஒரு வயரை மட்டும் ஏன்? இது சேர்ந்தால் என்ன ஆகும்?

விரலில் ஊறிய எறும்பு நினைவுக்கு வந்தது. கரண்ட் பார்க்கும் டெஸ்டரை எடுத்து ஆம்ப்ளிஃபயர் பெட்டியில் வைத்தான். பளிச்சென்று எரிந்தது. சுவிட்சை அணைத்துவிட்டுப் பிளக்கைப் பிரித்தான். கசியும் கரண்டைப் பூமிக்கு இறக்கும் எர்த் வயரை வெட்டி, மடக்கி, மேலே டேப் சுற்றியிருந்தது. பிளக் மாட்டுவது எப்போதும் பசுபதியின் வேலை.

வெயில் தாழ்ந்ததும் பசுபதி வந்தார். தவசி பிளக்கை நீட்டினான்.

“இது நீங்க செஞ்சதாண்ணே?”

“எர்த்து இருந்தா பியூஸ் போயிக்கிட்டே இருக்கும்டா. பாதியில கச்சேரிய நிறுத்தச் சொல்றியா?”

“பெட்டி பூராம் கரண்டு. வயரு சேந்தா கம்பியிலயும் கரண்டு. கம்பியில கை இருக்கையில மைக்கு இரும்புல ஒதடு பட்டா ஆளு அவ்வளவுதான். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே...”

“ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டா ஒண்ணும் பண்ணாது மாப்ள. காளையும் அன்னைக்குக் கொட்டாம்பட்டியில, கோயில் மேடைன்னு செருப்பைக் கழட்டாம இருந்திருந்தா இன்னைக்கு உசுரோட...”

“காளை சிங்கப்பூருல இருக்கான்னீங்க.”

பசுபதி தரையைப் பார்த்தார். “சொல்லியிருந்தா நீ இந்தக் கிடாரத் தொட்டிருப்பியா?”

தவசி மஞ்சள் பையை எடுத்துக்கொண்டான். இன்றைக்கும் கோயில் மேடைதான். இந்த மனுஷருக்கு அது தெரியும். தெரிந்துதான் ஒட்டு, ஒட்டு என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒட்டவிடாமல் தடுத்தவன், அவன் முகம்கூடப் பார்த்திராத காளை.

“நான் போறேண்ணே.”

“போ! நானே வாசிச்சுக்கிறேன். இரைஞ்சா இரைஞ்சிட்டுப் போகுது!” ஆம்ப்ளிஃபயரையும், துண்டான வயரோடு கிடாரையும் தூக்கிக்கொண்டார்.

பொழுது சாயும்போது தவசி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றான். கோயிலின் குழாய் ஸ்பீக்கரில் பசுபதியின் பாட்டு கேட்டது. பின்னாலேயே ங்ங்ங்ங்... வயர் இன்னும் சேரவில்லை. சேராதவரைக்கும் அந்த ஆள் உயிருக்குப் பயமில்லை. இத்தனைக்குப் பிறகும் தவசிக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

பாட்டின் நடுவில்... இரைச்சல் நின்றது.

வெட்டிய கையே வயரைச் சேர்த்துவிட்டது. தவசி பையைப் போட்டுவிட்டு ஓடினான். “அண்ணே! மைக்கைத் தொடாதீங்க! அண்ணே!” கரும்புக்காட்டைத் தாண்டி அந்தக் கத்தல் எங்கே போய்ச் சேரும்?

ஸ்பீக்கரில் பசுபதி சிரித்தார். அவ்வளவு சந்தோஷமான சிரிப்பு.

“அப்பாடா... சரியாப் போச்சுய்யா!”

அடுத்த அடியைப் பாட அவர் மைக்கை நெருங்கிய மூச்சு கேட்டது. அப்புறம்... உதடு இரும்பில் பட்ட சின்னச் சத்தம்.