மூணாவது ஜோடி கிளவுஸ்

…இல்ல, நீயே கையில எடுத்துப் பாரு ஏசுதாசா. இது கிளவுஸா? சூடு தாங்கும்னு நீதானே எடுத்துக் குடுத்த? அட்டையில முன்னூறு டிகிரின்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. முன்னூறு டிகிரியாம்! எங்க வீட்டுக்காரருக்கு நாலு விரல்லயும் கொப்பளம். உக்காருங்க டீச்சர்னு சொல்லாத, நான் உக்கார வரல. செம்பாக்கத்துல பஸ் ஏறி, ராஜகீழ்ப்பாக்கம் சிக்னல்ல அரை மணி நேரம் நின்னு, தாம்பரம் சப்வேல இடிபட்டு இந்தப் பக்கம் வரதுக்குள்ள உயிரே போயிடுச்சு. சரி, அந்த ஸ்டூல இப்படிப் போடு.

காபியெல்லாம் வேணாம். சக்கர கம்மியா சொல்லு.

உனக்குத் தலை நரைச்சுப் போச்சு, பாத்திரக்கடை முதலாளி ஆயிட்ட. ஆனா எனக்கு நீ இன்னும் எட்டாங்கிளாஸ் பி செக்ஷன் கடைசி பெஞ்சுதான். அரையாண்டுல கணக்குப் பேப்பரத் திருப்பாமலே எழுதிக் குடுத்துட்டு, "சீக்கிரம் முடிச்சிட்டேன் டீச்சர்"னு பல்லக் காட்டிக்கிட்டு நின்ன பாரு! அன்னிக்கு நூறு தடவ எழுத வெச்சேன்ல? "பின்பக்கம் திருப்பிப் பார்ப்பேன்." ஞாபகம் இருக்கா? இருக்கும், இருக்கும். அந்த அரைகுறை புத்திதான் சரக்கு எடுக்கும்போதும் வேல செய்யுது உனக்கு.

எதுக்கு வந்தேன்… ஆங், கிளவுஸ். எங்க வீட்டுக்காரர் டெலிபோன்ஸ்ல ரிடையர் ஆனதுலருந்து பேப்பருக்குள்ள மூஞ்சிய வெச்சிக்கிட்டு ஒரு மூலையில கெடந்தார். சாப்பாடுன்னா வருவார், தூக்கம்னா போவார். பொங்கலுக்கு எங்க பொண்ணு மாளவிகா பெங்களூர்லருந்து ஒரு கரி அடுப்பு அனுப்பிச்சா. கிரில்லாம். நாலு காலு, ஒரு மூடி, மேல கம்பி, தூக்க முடியாத கனத்துல ஒரு இரும்புத் தட்டு. இது எதுக்குடி இந்த வயசுலன்னு நான் கத்தினேன். ஆனா மனுஷனுக்கு உயிர் வந்துடுச்சுப்பா! ஞாயித்துக்கிழமையானா மொட்டமாடிக்கு ஓடறார். பன்னீராம், சோளமாம், அன்னாசிப்பழமாம். அன்னாசிப்பழத்த யாராவது சுடுவாங்களா, சொல்லு? நல்லாத்தான் இருந்துச்சு. அத அவர்கிட்ட நான் சொல்லல.

அந்தச் சூட்டுத் தட்ட எறக்க கிளவுஸ் வேணும்னு மொதல்ல உன்கிட்டதான் வந்தேன். சேவல் படம் போட்ட பருத்தி கிளவுஸ் குடுத்த. புடிச்ச ரெண்டாவது நிமிஷம் "ஐயோ, சுடுது"ங்கறார். ஒரு ஆம்பளைக்கு இவ்ளோதானா தாங்கற சக்தின்னு கேட்டேன். சரி, மெல்லிசா இருக்குன்னு ரெண்டாவதா இந்தத் தோல் கிளவுஸ். வெல்டிங் வேல செய்றவங்க போடறதுன்னு பெருமையா குடுத்த பாரு, இந்தா, தொட்டுப் பாரு. ஒரே வாரத்துல வெறச்சு, சுருங்கி, அப்பளம் மாதிரி ஆயிடுச்சு. இதுக்குள்ள கைய நொழைக்கவே அவர் பட்ட பாடு!

அந்த ஞாயித்துக்கிழமதான் அசோசியேஷன்காரங்க பத்துப் பேர் மாடிக்கு வந்திருந்தாங்க. எதுத்த ஃபிளாட் ஜாஸ்மின் தட்டும் ஸ்பூனுமா மொத ஆளா நிக்கறா. ஏரிக் காத்து ஜிலுஜிலுன்னு வருது. இவர் பன்னீர் தட்டத் தூக்கறார், "அம்மா"ன்னு ஒரு சத்தம், தட்டு தரையில, பன்னீரெல்லாம் தண்ணித் தொட்டிக்கு அடியில! எனக்கு வந்துச்சு பாரு கோவம். "ஒரு தட்டப் புடிக்கக்கூட துப்பில்லையா உங்களுக்கு"ன்னுட்டேன். பத்துப் பேர் முன்னாடி. வாய் தவறி வந்துடுச்சு… வாய் தவறியெல்லாம் இல்ல, சொன்னேன்.

அவர்பாட்டுக்கு கீழ கெடந்தத பொறுக்கினார், கரிய அணைச்சார், கிரில் மேல பழைய ரெயின்கோட்டப் போட்டு மூடினார். மூணு ஞாயித்துக்கிழம ஆச்சு, மாடிப்படி ஏறல. மறுபடியும் பேப்பர், மறுபடியும் மூல. நாளன்னிக்கு மாளவிகாவும் மாப்பிள்ளையும் வராங்க, அப்பா கிரில் பண்ணுவார்னு ஆசையா வராங்க. இவர் என்னடான்னா பழைய இரும்புக்காரன் வந்தா தூக்கிக் குடுத்துடலாம்ங்கறார். அதான் கெளம்பி வந்தேன். பணமெல்லாம் வேணாம். சுடாத கிளவுஸா ஒரு ஜோடி குடு. அவர் மேல ஏறணும், அவ்வளவுதான்.

இதென்ன, விரலே இல்லாம? பாக்ஸிங்குக்கா போறார்? வேணாம். இது? ஏய், மொதலை வாய் மாதிரி கட்டைவிரலும் மத்ததும் மட்டும்… சோளத்த எப்படித் திருப்புவார், கடிச்சா? இது கறுப்பா, புள்ளி புள்ளியா… ஐந்நூறு டிகிரியா? முன்னூறே பொய், இதுல ஐந்நூறு. அந்தப் பக்கம் தனியா வெச்சிருக்கியே, செவப்பா, ரப்பர்ல, அது என்ன? சிலிக்கானா? ஐய, மாட்டாஸ்பத்திரியில டாக்டர் போட்டுக்கற மாதிரி இருக்கு! யாருக்கோ எடுத்து வெச்சதா? யாரோ ஒரு ரசன கெட்டவன் கேட்டிருக்கான். எனக்கெதுக்கு.

ஏன், எதுக்கு அந்தச் சேவல் கிளவுஸ மோந்து பாக்கற? நல்லாத்தானே வாசனையா இருக்கு. பின்ன? அலசாமலா குடுப்பேன்? எவன் தச்சானோ, எத்தன பேர் கைய உட்டுப் பாத்தானோ. கடையில வாங்கின துணிய நனைக்காம உடுத்தற பழக்கம் எங்க வீட்ல கெடையாது. ஒவ்வொரு வாரமும் அலசிடுவேன். தோலா? அத நைட்டு பூரா சோப்புத் தண்ணியில ஊற வெச்சு பிரஷ் போட்டுத் தேச்சேன். ஏன் தலையில கை வெக்கற?

காய்ஞ்சுதான்னா… காய எங்கப்பா நேரம்? அவர் கரியப் பத்த வெச்சிட்டு "கிளவுஸ் எங்கம்மா"ம்பார், நான் கொடியிலருந்து உருவிக் குடுப்பேன். லேசா ஈரம் இருக்கும். ஈரம் நல்லதுதானே? நெருப்புல தண்ணி ஊத்தினா அணையுதா இல்லியா? அந்தத் தர்க்கம்தான். சில நாள் நானே ஒரு கை தண்ணி தெளிச்சும் குடுத்திருக்கேன், பாவம் அவருக்குக் குளுகுளுன்னு இருக்கட்டுமேன்னு…

என்ன, அட்டையக் குடுக்கற? படிச்சுட்டேன், முன்னூறு டிகிரி. என்னது? பின்பக்கமா?

…இரு, கண்ணாடி போட்டுக்கறேன்.

"ஈரமாக இருக்கும்போது பயன்படுத்தக் கூடாது. நீராவியால் கை வெந்துவிடும்." தமிழ்ல வேற போட்டிருக்கான் பாவி. இவ்ளோ பெருசா.

சிரிக்காதடா. ஏசுதாசா, சிரிக்காத. எனக்கு எப்படி இருக்கு தெரியுமா? நானே அவர் கையச் சுட்டுட்டு, அவருக்குத் துப்பில்லன்னேனே. பத்துப் பேர் முன்னாடி. இப்ப எந்த மூஞ்சியோட அவர்கிட்ட… டேய், நீ இத வெளிய சொல்லக் கூடாது. பில்லுல "கம்பெனி டிஃபெக்ட்"னு எழுதிக் குடு. எழுதிக் குடுடா, உன் பொண்ணு கிறிஸ்டிக்கு ப்ளஸ் டூ வரைக்கும் கணக்கு நான் சொல்லித் தரேன்.

என்ன சொன்ன? யாரு வந்தார்? போன வியாழக்கிழமையா? ரத்தப் பரிசோதனைக்குன்னுதானே போனார்! இங்கயா வந்தார்? என்ன கேட்டார்?

"ஈரமானாலும் சுடாத கிளவுஸ்."

அப்படின்னா அந்தச் செவப்பு… அவர் கைக்குப் பெரிய சைஸ் இன்னிக்குத்தான் வந்துச்சா. ம்.

அப்போ அவருக்குத் தெரியும். மூணு வாரமா நான் பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டு… அன்னிக்கே ஒரு வார்த்தை, "நீதாண்டி நனைச்ச"ன்னு சொல்லியிருக்கலாம்ல? நீ கேட்டியா? என்ன சொன்னார்? "டீச்சர்கிட்ட யாருப்பா சொல்றது"ன்னா? நீயும் "கஷ்டந்தான் சார்"னியா? ரெண்டு பேரும் சேர்ந்து சிரிச்சீங்களா? நல்லா இருங்கடா. இந்தக் காபிய எடுத்துட்டுப் போ, எனக்கு வேணாம்.

இல்ல, பேக் பண்ணாத. எப்ப வரேன்னார்? நாளைக்கு சாயங்காலமா? அப்ப மாடிக்கு ஏறத்தான் போறார்! இரும்புக்காரன்னு என்கிட்ட ச்சும்மா பூச்சி காட்டியிருக்கார் மனுஷன். அப்படியே எடுத்த எடத்துல வை. அவரே வந்து வாங்கட்டும். நான் வரல, உன்னப் பாக்கல, எனக்கு ஒண்ணும் தெரியாது. ஞாயித்துக்கிழம அந்தப் பத்துப் பேரையும் நானே கூப்பிடறேன். எல்லார் எதிர்லயும் அன்னாசிப்பழம் பிரமாதம்னு சொல்லிடறேன். அவ்ளோதான் என்னால முடியும், அதுக்கு மேல மன்னிப்பு கின்னிப்பெல்லாம் எனக்கு வராது.

வரேன். சப்வே கூட்டம் கொறஞ்சிருக்கும்.

ஏசுதாசா… அந்தச் செவப்பு, ரப்பர்தானே? வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு தடவ லேசா அலசிட்டா…

சரி, சரி. பின்பக்கம் திருப்பிப் பாக்கறேன். குடு.