புல்தரை ஓட்டத்தில் முதலாவது யார்?

முழங்காற் கட்டோடும் முகம் மலர்ந்திருக்கும் தலைவர் சிவானந்தன் அண்ணை அவர்களே, முன்வரிசையை முழுதாய் ஆண்டுகொண்டிருக்கும் நிர்வாக சபையோரே, ஹரோ மண்டபம் நிறைந்த பெரியோரே, ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்த தாய்மாரே, வணக்கம். முடிவுக்கோட்டு நடுவராய் நின்ற இந்த நகுலேஸ்வரியைப் பதக்கம் அணிவிக்க அழைத்திருக்கிறீர்கள். மகிழ்ச்சி.

1908 ஒலிம்பிக்கில், இதே இலண்டனில், வைற் சிற்றி அரங்கின் புல்தரையில் ஆண்களின் தடைதாண்டல் ஓட்டம் நடந்தது. வென்றவர் கையில் வேதாகமத்தோடு தாண்டுவதாக ஒரு படம் உண்டு. அது பிறகு எடுத்தது என்கிறார்கள். பாவம், அவர்கள் ஓடி முடித்த பிறகு எடுத்தார்கள். எங்கள் சங்கமோ ஓடுவதற்கு முன்னமே எடுத்துவிட்டது.

ஆம், அந்த ஓட்டத்தின் நினைவாக, ஐம்பது வயது கடந்த ஆண்களுக்குக் கிழக்கு இலண்டன் பார்க்கிங் ஊரின் புல்திடலில் பத்துத் தடைகள் வைத்தோம். அதற்கு முதல் வாரமே விழா மலர் அச்சாகிவிட்டது. அதிலே தலைவர் தடைக்கு மேலே பறக்கிறார். கீழே 'வெற்றி வீரர்' என்று எழுத்து. பறந்தாரா? பக்கத்து மேசையிலிருந்து குதித்தார்.

பிறகு ஓட்டம். முதல் தடையைத் தலைவர் தாண்டினார். இரண்டாவதைத் தள்ளினார். மூன்றாவது தலைவரைத் தள்ளியது. பின்வரிசை, சிரிக்காதேங்கோ.

முன்னால் போனவர் யார்? பிளேஸ்டோவில் இருக்கும் பெனடிக்ற், பஸ் ஓட்டுநர். முழங்காலில் சத்திரசிகிச்சை செய்து, ஆறு மாதம் வீட்டுப் படி ஏற ஏலாமல் இருந்தவர். நனைந்த புல்லில் பத்தையும் தாண்டினார், ஒன்றும் சாயவில்லை. மூச்சிரைக்க என்னிடம் வந்தார்.

"அக்கா, என்ரை பேரை எழுதினியளோ? மகள் பிரீத்தா நம்பமாட்டாள்."

"எழுதிப்போட்டன்," என்றேன்.

நேற்று எங்கள் சங்கச் செயலாளர் தொலைபேசி எடுத்தார். "அக்கா, மலர் அடிச்சாச்சு. தலைவற்றை பேரையே வாசியுங்கோ. என்ன குறைஞ்சிடும்?"

என்ன குறையும்? மலர் குறையாது, மாலை குறையாது, மனிதன் குறைவான். விழுந்தவருக்கு விருதா, வென்றவருக்கு விளக்கமா? இந்த நாட்டில் வந்திறங்கிய நாள்முதல் படிவந்தோறும் எங்கள் பெயரைப் பிழையாக எழுதினார்கள், பொறுத்தோம். இன்று எங்கள் கையாலேயே எங்களில் ஒருவன் பெயரை அழிப்பதா? என்னால் ஏலாது. என் தாளில் முதலாவது பெனடிக்ற். இந்த மேடையிலும் முதலாவது பெனடிக்ற். வாங்கோ, தம்பி.

என்ன தலைவர், எழும்புறியள்? ஒலிவாங்கி வேணுமோ? இந்தாங்கோ.

கேட்டீர்களா சபையோரே? "நான் ஓடி முடிக்கவேயில்லை, தங்கச்சி. பதக்கத்தைத் தாங்கோ, நானே போடுறன்" என்கிறார்.

அண்ணை, இவ்வளவு நேரமும் உங்களைக் குத்திப் பேசினேன். இப்போது கும்பிடுகிறேன். பிரீத்தா, அப்பாவைப் பார், பிள்ளை.

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கு நன்றி. ஓடிய கால்களுக்கும், நொண்டி வந்து பதக்கம் போட்ட காலுக்கும், என் வணக்கம்.