ரொசாலியா அம்மாவுக்கு ஒரு நேத்தி

– பலேர்மோவுக்குப் போற வழியில மெசினாவிலதான் கலா, முக்கியமான வேலை நடக்குது. இந்தப் படத்தைப் பாரும். ரெயின் அப்பிடியே கப்பலுக்குள்ள போகும். கப்பலின்ரை வயித்துக்குள்ள தண்டவாளம் போட்டிருக்கு. முழு ரெயினும் ஒரே நீட்டுக்குக் கொள்ளாது. அதால பெட்டியளைத் துண்டு துண்டாக் கழட்டிப் பக்கத்தில பக்கத்தில விடுவினம். விளங்குதே?

– ஓம். பலேர்மோவை விட்டு வரேக்கையும் சொன்னனீங்கள். அப்ப நாங்கள் அந்தக் கப்பலுக்குள்ளதான் நிண்டனாங்கள்.

– அண்டைக்கு நீர் எங்கை கேட்டனீர்? அழுதுகொண்டெல்லே நிண்டனீர்.

– இப்ப கேக்கிறன். சொல்லுங்கோ.

– இத்தாலிப் பக்கத்தில ஏத்தினதை சிசிலிப் பக்கத்தில இறக்கி, ரெயினை ரெண்டாப் பிரிப்பினம். பாதி பலேர்மோவுக்கு. மற்றப் பாதி சிரக்கூசாவுக்கு. பெட்டி மாறி இருந்தமெண்டால் வேறை ஊரிலதான் போய் இறங்குவம். அதுதான் ரெண்டு சீற்றும் ஒரே பெட்டியில பாத்து வைச்சிருக்கிறன்.

– அவ்வளவு தூரம் ஒரே ரெயினில வந்த ஆக்கள், என்ன?

– ஆர்?

– ஒருத்தருமில்லை. சொல்லுங்கோ.

– போற வழியில மியூனிக்கில இறங்கிறம். கார்ஹிங்கில எங்கடை பிள்ளை சாரங்காவின்ரை புது வீட்டையும் பாப்பம். உமக்குத் தெரியுமே, ஒவ்வொரு கோடையும் நான் கேட்டனான், பலேர்மோவுக்குப் போய் உந்த நேத்திக்கடனைக் கட்டிப்போட்டு வருவமோ எண்டு. நேரம் வரேல்லை, நேரம் வரேல்லை எண்டனீர். பிள்ளையின்ரை வேலை நிரந்தரமான அண்டைக்குத்தான் வாயைத் திறந்தனீர்.

– இப்ப நேரம் வந்திட்டுது.

– நல்லது. மலையடியில இருந்து ரொசாலியா அம்மாவின்ரை கோயில் வரைக்கும் பஸ் போகுது. வளைவு வளைவா ரோட்டு வெட்டியிருக்கிறாங்கள், ஏன் தெரியுமே, நேரா வெட்டினால்—

– நான் நடந்து ஏறுவன். வெறுங்காலோடை. தனிய.

– தனியவோ? பிள்ளைக்கு வைச்ச நேத்திக்குத் தகப்பன் ஏறாமலோ?

– நீங்கள் கீழ நில்லுங்கோ. நேத்தி வைச்ச அண்டைக்கும் கீழதானே நிண்டனீங்கள்.

– ஊரை விட்டு வெளிக்கிடுற அண்டைக்கு சூட்கேசுகளுக்குக் காவல் ஆர் இருக்கிறது? இந்த முறை நான் கோயில் இருக்கிற அந்தக் குகையைப் பாக்கத்தான் வேணும். கூரை முழுக்கத் தகரப் பீலியள் தொங்குது. அந்த மலை சுண்ணாம்புக் கல்லு கலா. மழைத்தண்ணி கல்லுக்குள்ளால ஊறி வரும். சனத்தின்ரை தலையில சொட்டாமல் பீலியால ஏந்தி ஒரு பக்கமாக் கொண்டு போறாங்கள். என்ன அருமையான யோசனை! சனம் அதைத் தீர்த்தமெண்டு குடிக்குது.

– நானும் குடிச்சனான்.

– அதுதான் சொல்லுறன், அது வெறும் மழை—

– எனக்கு அது காணும்.

– உமக்கு என்ன கோவம் இப்ப? பலேர்மோ பலேர்மோ எண்டு உயிரை விடுறது நீர். லீவு எடுத்து, ஒவ்வொரு ரெயினாத் தேடி...

– அங்கை நான் வாயுள்ள மனுசி. செவுளைத் திறந்து காட்டாமல் மீன்காரன் எனக்கு மீன் விக்கமாட்டான், அவ்வளவு பயம். உடுப்புத் தோய்ச்சு மினுக்கிற கடையை நானும் என்ரை சிநேகிதி றோசம்மாவும் சேர்ந்து எடுக்க இருந்தனாங்கள். கடைக்காரியும் ஓமெண்டிட்டா. உங்கடை அண்ணை ஹம்பேர்க்கில இருந்து ஒரு போன் எடுத்தார். பின்னேரம் நீங்கள் பெட்டி கட்டினீங்கள்.

– ஏன் வாறம் எண்டு உமக்கு வடிவா விளங்கப்படுத்தினனான் தானே! துறைமுகத்தில வேலை, அண்ணையின்ரை துணை, பிறக்கப்போற பிள்ளையின்ரை படிப்பு...

– ஓம். விளங்கப்படுத்தினீங்கள். என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை.

– பிள்ளை இண்டைக்கு இந்த நிலைக்கு வந்தது ஆராலை?

– உங்களாலைதான். நான் இல்லையெண்டு சொன்னனானே? இஞ்சை என்ரை வயித்து நோவைக்கூட டொக்டருக்கு நீங்கள்தான் விளங்கப்படுத்தினது. எங்கை நோகுதெண்டு அந்தாள் உங்களைப் பாத்தெல்லே கேட்டவர்.

– உமக்கு டொச் பாசை வராது எண்டபடியால்தானே.

– வகுப்புக்குப் போறன் எண்டு கேட்டனான். ஏன் வகுப்பு, நான் வீட்டில சொல்லித் தாறன் எண்டனீங்கள்.

– சொல்லித் தரேல்லையே?

– தந்தனீங்கள். ஒரு சொல்லுக் கேட்டால் அந்தச் சொல்லு எங்கையிருந்து வந்தது எண்டதில தொடங்குவீங்கள். சோறு குழைஞ்சு போயிடும், நான் கேட்ட சொல்லு வராது.

– சரி சரி. பழசைக் கிளறாமல் விடும். திரும்பி வாறது ஞாயிற்றுக்கிழமை. ரெண்டு சீற் போடுறன்.

– ஒண்டு.

– என்ன ஒண்டு?

– திரும்பி வாறதுக்கு ஒரு சீற் காணும். றோசம்மா இப்ப அந்தக் கடையைத் தனிய நடத்திறா. மேல ஒரு அறை சும்மா கிடக்குதாம். கதைச்சிட்டன்.

– உமக்கென்ன விசரே? நேத்தி கட்டப்போற ஆள் கதைக்கிற கதையே இது? பிள்ளைக்காகக் கேட்டீர், அந்தத் தாய் தந்திட்டா. தாயும் தகப்பனும் சேர்ந்து போய்க் கும்பிட்டுப்போட்டு, சேர்ந்து வீட்டுக்கு வரோணும். அதுதான் முறை.

– பிள்ளைக்காகக் கேட்டனான் எண்டு நான் எப்ப சொன்னனான்?

– பிள்ளையை வயித்தில வைச்சுக்கொண்டு, அந்த வெய்யிலுக்குள்ள, வெறுங்காலோடை ஏறின மனுசி வேறை என்னத்தைக் கேக்கிறது? அதைக்கூடவோ நான் விளங்காமல் இருக்கிறன்?

– இவ்வளவு காலத்தில ஒருக்காலும் நீங்கள் என்னட்டைக் கேக்கேல்லை.

– சரி, இப்ப கேக்கிறன். என்ன கேட்டனீர்?

– இந்தப் பிள்ளை தன்ரை காலில நிக்கிற நாள் வரைக்கும், இந்த மனுசனோடை இருக்கிற பொறுமையைத் தா தாயே எண்டு கேட்டனான். குறையில்லாமல் தந்தவ. கேட்டது கிடைச்சு முடிஞ்சாப் பிறகுதான் நேத்தி கட்டுறது. விளங்குதே?