அக்காவின் கணுக்கால் பட்டை

மாடு கன்று போடப்போகிறதா என்பதை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. காலைப் பார்த்தால் சொல்லலாம். நேரம் நெருங்கியதும் படுக்கும், எழும், மறுபடி படுக்கும். பின்னங்காலில் கட்டிய பட்டைக்குள் இருக்கும் சென்சார் அதை எண்ணிக்கொண்டே இருக்கும். எண்ணிக்கை ஓர் எல்லையைத் தாண்டினால் போனில் மணி அடிக்கும். அந்த எல்லையை வைப்பதுதான் என் வேலை. பண்ணையில் எனக்கு வேறு வேலை கிடையாது. அக்கா வீட்டில் எனக்கு வேறு இடமும் கிடையாது.

நீங்கள் கேட்டதற்கு நேராக வரப் பார்க்கிறேன். எனக்குப் பேச்சு வராது. அக்கா என்னை ஊமைக்கோட்டான் என்பாள். அவள் சிரித்தால் தொழுவம் வரைக்கும் கேட்கும். பண்ணை அத்தானுடையது. இயற்பியல் படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னை அவர்தான் வரவழைத்தார்.

மணி அடித்ததும் நாங்கள் இருவரும் ஓடுவோம். அத்தான் தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு வைக்கோலில் மண்டியிடுவார். அவருடைய கைக்கடிகாரமும் போனும் என்னிடம் வந்துவிடும். கடிகாரத்தின் உள்பக்கம் சூடாக இருக்கும். "விஞ்ஞானி சொல்லிட்டாங்கன்னா மாடு கன்னு போட்டே ஆகணும்" என்பார். கன்று விழுந்ததும் முதலில் என்னைப் பார்த்துத்தான் சிரிப்பார்.

பிறகு அக்கா உண்டானாள். கன்று விழுந்ததும் அத்தான் கை கழுவக்கூட நிற்காமல் வீட்டுக்குப் போக ஆரம்பித்தார்.

சின்ன வயதில் அக்கா போட்டுக் கழித்த சட்டைகள்தான் எனக்கு வரும். அதில் எனக்குக் குறை இருந்ததில்லை. காத்திருந்தால் வந்துவிடும் என்று தெரியும். அத்தான் விஷயத்திலும் அப்படி நினைத்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

பட்டையைக் கேட்டது அவள்தான்.

"அடியே ஊமைக்கோட்டான், எனக்கும் ஒண்ணு மாட்டி விடுடி. மாட்டுக்கு ஓடுற ஓட்டம் எனக்கு ஓடுறாரான்னு பாப்போம்."

"மாட்டுக்காவது கொம்பு. உனக்கு வாய்" என்றார் அத்தான்.

பட்டையில் கூடுதலாகத் துளை போட்டு, அவள் காலடியில் உட்கார்ந்து கட்டிவிட்டேன். கணுக்கால் வீங்கியிருந்தது. இது மாட்டுக்குச் செய்தது, மனுஷிக்குப் பொருந்தாது என்று சொல்லவும் செய்தேன். ஆனால் அத்தானுக்கு அது நிம்மதியாக இருந்தது. ஆஸ்பத்திரி தூரம், அவர் அடிக்கடி வெளியே போகிறவர். விளையாட்டாகக் கட்டியதை அவிழ்க்க வேண்டாம் என்றார்.

முதல்முறை அது அடித்தபோது அக்கா பரணிலிருந்து இறக்கிய சாமான்களைத் தரையில் ஒதுக்கிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்ததை சென்சார் தப்பாக எடுத்துக்கொண்டது. அத்தான் ஒற்றைச் செருப்போடு ஓடிவந்தார். மூச்சிரைக்க அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். நான் கதவருகே நின்றிருந்தேன். எனக்காக யாரும் அப்படி ஓடிவந்ததில்லை.

அன்று மாலை அவளுடைய எல்லையை மட்டும் கொஞ்சம் தாழ்த்தினேன்.

எங்கள் பண்ணையில் ஒரு வழக்கம் உண்டு. சில மாடுகள் காரணமே இல்லாமல் எழுந்து எழுந்து படுக்கும். மணி வீணாக அடிக்கும். அவற்றுக்குப் பொய்க்காரி என்று பெயர். பொய்க்காரியின் மணியை அத்தான் போனிலிருந்து எடுத்துவிட்டு என் போனுக்கு மட்டும் திருப்பிவிடுவோம். நான் போய்ப் பார்த்து, நிஜம் என்றால் அவரைக் கூப்பிடுவேன்.

அக்காவின் மணி அடித்துக்கொண்டே இருந்தது. வங்கியிலிருந்து வந்தார். சந்தையிலிருந்து வந்தார். கடைசியில் முடிவெட்டும் கடையிலிருந்து பாதித் தலையோடு எழுந்து வந்தார். அக்கா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு வேற வேலையே இல்லையா?"

"நானா கூப்பிட்டேன்? எல்லாம் இவ மெஷின்."

"மாடெல்லாம் ஒழுங்காத்தானே சொல்லுது. நீதான் பொய்க்காரி." என் பக்கம் திரும்பினார். "இவ மணி இனிமே உனக்கே வரட்டும்மா. நிஜம்னா மட்டும் என்னைக் கூப்பிடு."

அக்கா அன்று சிரிக்கவில்லை. அதன்பிறகு வயிறு இழுத்துப் பிடித்தாலும் அவரிடம் சொல்லக் கூச்சப்பட்டாள். நான் எல்லையைப் பழைய இடத்துக்கே உயர்த்திவிட்டேன். வேலையில் நான் சுத்தம்.

நீங்கள் கேட்கிற அந்த நாள் மதியம் வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்காவின் மணி அடித்தது. திரையில் கோடு ஏறும் விதத்தைப் பார்த்தேன். அவள் எழுந்து நடப்பதும், வந்து படுப்பதும், உடனே எழுவதும் அப்படியே தெரிந்தன. இது பொய் இல்லை. சற்று நேரத்தில் செவலை மாட்டின் மணியும் அடித்தது.

அத்தானைக் கூப்பிட்டேன். மாட்டுக்கு.

செவலை பல ஈற்று கண்டது, தானாகவே கன்று போட்டுவிடும். அதற்கு யார் கையும் தேவையில்லை. "கன்னுக்குக் கால் மடங்கியிருக்கிற மாதிரி தெரியுது அத்தான்" என்றேன். அவர் கடிகாரத்தையும் போனையும் என்னிடம் கொடுத்துவிட்டு உறையை மாட்டிக்கொண்டார்.

என் பையில் அவருடைய போன் அதிர்ந்தது. அக்கா.

"யாரு?" கையை உள்ளே விட்டபடியே கேட்டார்.

"தீவனக்காரர்."

"அப்புறம் பேசிக்கலாம்."

மறுபடி அதிர்ந்தது. பொத்தானை அழுத்தி அடக்கினேன். பிறகு அதிரவில்லை. என் போனில் கோடு இன்னும் கொஞ்சம் ஏறியது. அப்புறம் அதுவும் படுத்துவிட்டது.

"கால் சரியாத்தானே இருக்கு, விஞ்ஞானி?"

கன்று விழுந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தார். பழைய சிரிப்பு. கை கழுவிவிட்டுப் போகச் சொன்னேன். சோப்பு எடுத்துக் கொடுத்தேன், தண்ணீர் ஊற்றினேன். நிதானமாகக் கழுவினார். அதற்கப்புறம்தான் போனைக் கொடுத்தேன். அவர் திரையைப் பார்த்தார்.

அக்கா சமையலறைத் தரையில் கிடந்தாள். குழந்தையைத் தனியாகவே பெற்று, துண்டில் சுற்றி, நெஞ்சின்மேல் வைத்திருந்தாள். பெண் குழந்தை. அக்காவுக்கு ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம். வண்டியில் எனக்கு இடம் இல்லை.

வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டீர்கள். நான் அவளைத் தொடவில்லை. ஒரு மணியைச் சொல்லாமல் விட்டேன், ஒரு போனை எடுக்காமல் விட்டேன். தெரிந்துதான் விட்டேன். அவள் பிழைக்காமல் போகலாம் என்பதும் தெரியும். அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு வேண்டியிருந்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அன்றிலிருந்து அத்தான் என்னோடு பேசவில்லை. களைப்பு. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஓர் ஆண் தனியாக என்ன செய்வார்? அது அழுதால் யாரையாவது கூப்பிடத்தானே வேண்டும். என் போனை வாங்கி அணைத்து வைத்திருக்கிறீர்கள். அதை மட்டும் போட்டு வையுங்கள்.