பரந்தாமனுக்கு எதற்குப் படிப்பு

தொழில் தொடங்கப் படிப்பு அவசியமா என்று சிறுதொழில் சங்க மலருக்காகக் கேட்கிறீர்கள். டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள். என்னைக் கேட்டால், தேவையில்லை.

நான் பத்தாவதில் இரண்டு முறை தவறியவன். என் கூட்டாளி பரந்தாமன் டிப்ளமோ படித்தவன். எண்பத்தாறில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து ஸ்பிரிங் செய்ய ஆரம்பித்தோம். ஆர்டர் பிடிப்பது நான், மெஷின் அவன். நன்றாகத்தான் போனது. ஆனால் அவனுக்கு மாலை நேரக் கல்லூரியில் பி.இ. படிக்க ஆசை. அயனம்பாக்கத்தில் அவன் வீட்டுக்குத் தபால் ஒழுங்காகப் போகாது. ஷெட் விலாசத்தைக் கொடுத்து விண்ணப்பித்தான், நுழைவுத் தேர்வும் எழுதினான்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் பஸ் ஏறிவிட்டால் மெஷினை யார் பார்ப்பது? படித்து முடித்தபின் என்னோடு எதற்கு இருக்கப் போகிறான்?

இடம் கிடைத்துவிட்டதாகக் கடிதம் வந்தது. ஸ்பிரிங்கைப் பதப்படுத்தும் உலை பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. மறு வருடமும் எழுதினான், மறு வருடமும் கடிதம் வந்தது. மூன்றாவது வருடம் வந்ததை நான் பிரிக்கக்கூட இல்லை. அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது மரியாதை இல்லை, பாருங்கள்.

அந்த வருடம் ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தான்.

"மாமே, நான் அவ்ளோ மக்காவா கீறேன்?" என்று கேட்டான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"உனுக்கு வித்தை கைல கீது. தலைய எதுக்குக் கஷ்டப்படுத்துற?" என்றேன். அதற்குப் பிறகு அவன் விண்ணப்பிக்கவில்லை.

தொண்ணூற்றைந்தில் ஒரு பெரிய கம்பெனி, தரச் சான்றில் பட்டம் பெற்றவர் கையெழுத்து வேண்டும் என்றது. இருபத்து நான்கு வயது இன்ஜினீயர் ஒருவரை வேலைக்கு வைத்தேன். அவருக்கு வேலை கற்றுக்கொடுத்தது பரந்தாமன்தான். அவரை 'சார்' என்றுதான் கூப்பிடுகிறான்.

என் மகள் இந்த வருடம் பி.இ. சேர்ந்திருக்கிறாள். அது வேறு விஷயம், காலம் மாறிவிட்டது. நுழைவுத் தேர்வுக்கு அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததும் பரந்தாமன்தான். இடம் கிடைத்த அன்று, "எனக்குத்தான் குட்த்து வெக்கல. பாப்பாவுக்காவது வெச்சிதே" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

கடிதங்களை எரித்தது நான்தான். அதனால்தான் இந்தக் கம்பெனி இன்று நிற்கிறது, அவனுக்கும் ஒரு பிழைப்பு இருக்கிறது. இதற்காக அவன் இதுவரை ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. நானும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.